பேச்சுக்கு நடுவே ஒரு பியானோ

எங்கள் வார்சாவில் யாராவது பியானோ முன்னால் போய் உட்கார்ந்தால் போதும், அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதுவரை பனி, முட்டைக்கோஸ் என்று ஒப்புக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட, முதல் கட்டை அழுந்தியதும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நிஜமான பேச்சுக்கு வருவார்கள். இதில் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. சத்தம் இருந்தால்தான் ரகசியம் பேச முடியும். ரகசியம் பேசத்தான் எல்லோரும் வருகிறார்கள். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் இது தெரியாத ஒரே ஆள் என் நாத்தனார் ஹொனராட்டா ருத்னிட்ஸ்கா. இருபது வருடமாக அந்தப் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

நான் பெனிக்னா, அவளுடைய தம்பி கஸ்பெரின் மனைவி. கிளர்ச்சி நடந்த வருடம், ரஷ்ய ஜாரின் படை நகரத்துக்குள் நுழைந்த அன்று, ஊர் எல்லையில் நின்று சண்டை போட்டவர்களில் கஸ்பெரும் ஒருவன். திரும்பி வரவில்லை. இரண்டாம் நாள் ஹொனராட்டா, நான் அண்ணி என்று கூப்பிடுபவள், வண்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். "ஏறு" என்றாள், ஏறினேன். அதற்குப் பிறகு எப்போது கிளம்புகிறாய் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்ட பெண் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கைம்மாறாக இரண்டு வேலைகளை நானே எடுத்துக்கொண்டேன். வாராவாரம் வியாழக்கிழமை வீட்டில் நடக்கும் விருந்தில் தேநீர் கொதிக்கும் சமோவாரைப் பார்த்துக்கொள்வது, அண்ணி வாசிக்கும்போது பக்கத்தில் நின்று இசைத்தாளைப் புரட்டுவது.

அண்ணி பிறந்தது பூக் ஆற்றங்கரையில் ஒரு பழைய பண்ணை வீட்டில். வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பட்டம் மட்டும் உண்டு. வீட்டில் இருந்த பியானோவுக்குள் எலி குடும்பம் நடத்தியது. ஏழு வயதில் அவள் முதன்முதலாக இசை எழுதியது செத்துப்போன ஒரு வாத்தின் சவ ஊர்வலத்துக்கு. அந்த ஊர்வலத்தில் கஸ்பெர் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தானாம், அப்போது அவனுக்கு நாலு வயது. பாதிரியார் கண்டித்திருக்கிறார். வாத்தை அடக்கம் செய்ததற்காக இல்லை, பாட்டு அத்தனை சோகமாக இருந்ததற்காக.

பதினெட்டு வயதில் ஓனுஃப்ரி பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஓனுஃப்ரி அண்ணன் தங்கமான மனிதர். சீட்டாட்டம், சூடான சூப், தூக்கம், இவை மூன்றும் நேரத்துக்குக் கிடைத்தால் யாரையும் எதற்கும் தடுக்க மாட்டார். இசை அவருக்கு நல்ல வெயில் மாதிரி, அடித்தால் சந்தோஷம், அடிக்காவிட்டால் கவனிக்கவும் மாட்டார். மனைவி எழுதியது அச்சில் வரட்டும் என்றுகூடச் சம்மதித்தார். ஆனால் அவருடைய சித்தப்பா குறுக்கே விழுந்தார். ருத்னிட்ஸ்கி என்ற குடும்பப் பெயரைக் கடை ஜன்னலில் தொத்திறைச்சி மாதிரி தொங்கவிடுவதா என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. அதனால் அண்ணியின் இசை எல்லாம் 'ஒரு சீமாட்டி இயற்றியது' என்றுதான் வந்தது. நகரத்தில் பாதிப் பேர் அது வேறு யாரோ என்று நினைத்தார்கள். மீதிப் பாதி நினைக்கவே இல்லை.

அவள் எழுதுகிற அழகைப் பார்க்க வேண்டும். காலையில் தலை நிறையக் காகிதச் சுருளோடு, கம்பளிச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு, அறைக்கும் நடைக்குமாக உலாத்துவாள். முனகுவாள். திடீரென்று ஓடிப்போய் எழுதுவாள், அடிப்பாள், கசக்குவாள். அடித்த தாள்களைப் பணிப்பெண் மாக்தா பத்திரமாக எடுத்துவைத்து, பட்டை பட்டையாகக் கிழித்து, அடுத்த வாரம் அதே தலைமுடியைச் சுருட்டுவாள். இசைத்தாள் நல்ல கெட்டித் தாள், சுருள் நிற்கும் என்பது மாக்தாவின் கட்சி. சில வியாழக்கிழமைகளில் அண்ணி கண்ணாடியைப் பார்த்து அலறுவாள். "மாக்தா, நிறுத்து! காதுக்கு மேல இருக்கே, அது எனக்கு வேணும்!" ஒரு வரியைத் தேடித் தலை முழுக்க அவிழ்ப்போம். கிடைக்கும். ஆனால் அன்று மாலை ஒரு பக்கம் சுருளும் ஒரு பக்கம் கோரையுமாக விருந்தினர்களை வரவேற்பாள்.

ஒரு தடவை மட்டும் கிடைக்கவில்லை. கஸ்பெர் போன இரண்டாவது குளிர்காலத்தில் அண்ணி அவனுக்காகச் சின்னதாக ஒன்று எழுதினாள். பெயர் வைக்கவில்லை. யாருக்காக என்று என்னைத் தவிர யாரிடமும் சொல்லவும் இல்லை. நாலைந்து வியாழன் வாசித்தாள். நான் தாள் புரட்ட நின்றேனே தவிர, கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றதில் ஒரு சுரம்கூட என் மனதில் தங்கவில்லை. பிறகு ஒருநாள் மாக்தா கழித்த தாள் என்று நினைத்து அந்த நல்ல தாளையே கிழித்துவிட்டாள். தெரியவரும்போது சுருள்களை அவிழ்த்து அடுப்பில் போட்டாகிவிட்டது. அண்ணி அதைத் திரும்ப எழுத எவ்வளவோ முயன்றாள். ஆரம்பம் வந்தது. நடுவில் போனதும் வேறு எதுவோ வந்து குறுக்கே நின்றது. "வரல பெனிக்னா. அவன் எப்பவும் அப்படித்தான், கூப்பிட்டா வர மாட்டான்" என்று சிரிக்கப் பார்த்தாள். பரவாயில்லை அண்ணி என்றேன். வாய்தான் சொன்னது. மாக்தாவோடு ஒரு மாதம் பேசவில்லை.

இனி சிபுல்ஸ்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாரின் காவல்துறைக்கு உளவு சொல்கிறவன். இது எப்படித் தெரியும் என்றால், எல்லோருக்கும் தெரியும். நிலம் கிடையாது, உத்தியோகம் என்னவென்று கேட்டால் இருமுவான், கையுறை மட்டும் எப்போதும் புதிது. எங்கள் ஆள்தான், போலந்துக்காரன்தான், அதனால்தான் வயிறு இன்னும் எரிந்தது. எல்லா வீட்டுக்கும் அவனுக்கு அழைப்பு உண்டு. கூப்பிடாவிட்டால் நமக்குத் தெரியாத ஒருவனை அனுப்புவார்கள் இல்லையா, அதற்குத் தெரிந்த முகமே மேல். அவன் நெடுநெடுவென்று, கூடத்தில் குளிர்காயும் அடுப்போரமாக நிற்பான். அவன் வந்த பிறகு எங்கள் வீட்டில் பியானோவுக்கு மவுசு இன்னும் கூடியது. அவன் காதில் விழாமல் பேச வேறு வழி ஏது? என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. அவன் கோப்பைக்கு மட்டும் ஆறிப்போன அடிமண்டித் தேநீர்தான் ஊற்றுவேன், சர்க்கரை வேண்டுமா என்று கேட்க மாட்டேன். பத்து வருடமாக ஒரு வியாழன் தவறியதில்லை. அவனும் மிச்சம் வைக்காமல் குடிப்பான்.

இப்படியாக அண்ணி, ஊரே தன் இசைக்காக வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். நம்பாமல் என்ன செய்வாள்? வருகிறவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்து, "இன்னிக்கு நீளமா ஏதாவது வாசிங்க" என்று கெஞ்சுவார்கள். மற்ற வீடுகளில் பாட்டு நீளமாக இருந்தால் கொட்டாவி விடுகிறவர்கள் இங்கே நீளம் கேட்கிறார்கள் என்று அவள் பூரித்துப்போவாள். நானும் வாயைத் திறக்கவில்லை. பூரிப்பில் இருக்கிறவளிடம் போய் எதைச் சொல்வது?

குட்டு உடைந்தது ஒரு ஜனவரி வியாழன். அந்தக் குளிருக்கு அண்ணியின் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. ஒன்றை வாசிக்க ஆரம்பித்தவள் வலி தாங்காமல் சுருக்கமாக முடித்துவிட்டாள். அறையில் சட்டென்று பேச்சு நின்றது. யாரும் கை தட்டவில்லை. கலசாந்தா அம்மாள் என்று ஒரு நீதிபதியின் விதவை, நாலு வீதிக்குக் கல்யாணம் பேசி முடிப்பவள், விசிறியை மடக்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என்ன ஹொனராட்டா, அதுக்குள்ள நிறுத்திட்டே?"

"முடிஞ்சிடுச்சு கலசாந்தாம்மா."

"முடிஞ்சிடுச்சா? போன வாரம் எவ்ளோ நீளமா இருந்துச்சு! என் மருமக கதைய ஆரம்பிச்சு இப்பத்தான் அவ நிச்சயதார்த்தத்துக்கே வந்திருக்கேன். இன்னொண்ணு வாசிம்மா, கொஞ்சம் சத்தமானதா பாத்து."

அண்ணிக்கு முகம் எப்படிப் போனது என்று அந்த அம்மாள் பார்க்கவே இல்லை. தட்டிக்கொடுத்துக்கொண்டே போனாள். "உன் பாட்டு எவ்ளோ வசதி தெரியுமா? அடுத்த தெருவுல இத்தாலிக்காரிய பாட வைக்கறாங்க. அவ மூச்சு விட நடுநடுவுல நிறுத்தறா. மனுஷி நிம்மதியா ஒரு வார்த்தை பேச முடியல!"

அண்ணி திரும்பி உட்கார்ந்து இன்னொன்று வாசித்தாள். சத்தமானது.

மறுநாள் காலை போர்வைக்குள் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "பெனிக்னா, பொய் சொல்லாத. யாருமே கேக்கறதில்லையா?"

"நான் கேக்கறேனே அண்ணி."

"நீ தாளப் புரட்டறே. அது வேற."

காலைச் சாப்பாட்டின்போது ஓனுஃப்ரி அண்ணனைப் பிடித்தாள். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் மொதல்ல வாசிச்சது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"எது பிரமாதம்?"

அவர் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "குதிரை நாலுகால் பாய்ச்சல்ல ஓடற மாதிரி இருந்துச்சே, அதுதானே?"

"அது தாலாட்டு."

"கொழந்தை வண்டியில போகுதுன்னு நெனச்சேன்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காப்பி புரையேறி, நான் முதுகில் தட்டி, அவர் எழுந்து ஜன்னலைத் திறந்து, ஒரே அமர்க்களம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்கும்போதுதான் தன் கையைப் பார்த்தாள். மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அடுத்த குளிர்காலத்துக்கு இந்த விரல்கள் மடங்காது என்று. எழுதலாம், யாரையாவது வாசிக்கச் சொல்லலாம். அவள் கையால் வாசிப்பது இந்தப் பருவத்தோடு சரி.

"ஒரு தடவை பெனிக்னா" என்றாள். "ஒரே தடவை. நான் வாசிக்கறத அவங்க வாயை மூடிட்டு முழுசா கேக்கணும். நல்லாயிருக்குன்னு சொல்லக்கூட வேணாம். கேட்டா போதும். அப்புறம் இந்தக் கை எப்படி வேணா போகட்டும்."

நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "வாய மூடறதுதானே, என்கிட்ட விடுங்க" என்றேன்.

நாட்களும் அதிகம் இல்லை. தவக்கால நோன்பு தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை எந்த வீட்டிலும் இசை கிடையாது, ஈஸ்டர் முடிந்தால் எல்லோரும் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். நான் சமையலறையில் நுழைந்து, தேன் விட்ட இஞ்சி ரொட்டியை இரண்டு மடங்கு நேரம் அடுப்பில் வைக்கச் சொன்னேன். பல்லில் மாட்டிக்கொண்டால் பேச்சு எங்கிருந்து வரும் என்பது என் கணக்கு. அடுத்த வியாழன் அண்ணி வாசிக்க உட்கார்ந்ததும் தட்டுகளை அனுப்பினேன். பேச்சு குறைந்தது உண்மைதான். ஆனால் அத்தனை பேரும் அதைக் கடிக்கிற கறமுற சத்தத்தில் பியானோவே கேட்கவில்லை. ஒரு கர்னலின் கட்டுப்பல் கழன்று விழுந்துவிட்டது. அதைத் தேடி நாலு பேர் மேசைக்கு அடியில் தவழ்ந்தார்கள்.

"உன் சேவை போதும்டியம்மா" என்றாள் அண்ணி. "இனி நானே பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்கும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து பியானோ கேட்கும், சட்டென்று நிற்கும், அவள் தனியாகச் சிரிப்பது கேட்கும். மாக்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தாள் எதையும் இந்தத் தடவை அவள் கையில் கொடுக்கவில்லை. பழைய செய்தித்தாளை வைத்துத்தான் முடி சுருட்டினார்கள்.

தவக்காலத்துக்கு முந்தின கடைசி வியாழன் வந்தது. கொழுத்த வியாழன் என்போம். அன்று ரோஜா ஜாம் வைத்துப் பொரித்த பாஞ்ச்கி உருண்டையைச் சாப்பிடாதவனுக்கு வருடம் முழுக்க விளங்காது என்று எல்லோரும் நம்புவதால், ஒருவரும் குறை வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் கூட்டம் மாடிப்படி வரை நின்றது. இனி ஈஸ்டர் வரை பியானோ கிடையாதே, அதனால் எல்லோருக்கும் பேசவேண்டியது மலையாக இருந்தது. கலசாந்தா அம்மாள் பியானோவுக்கு மிக அருகில், சத்தம் நன்றாக மறைக்கும் இடமாகப் பார்த்து, கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டாள். ஓனுஃப்ரி அண்ணன் சீட்டு மேசையில். சிபுல்ஸ்கி வழக்கம்போல அடுப்போரம், ஒரு கையில் என் அடிமண்டித் தேநீர், இன்னொரு கையில் பாஞ்ச்கி.

அண்ணி மோதிரங்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். தடதடவென்று ஆரம்பித்தாள் பாருங்கள், இரண்டு கையும் சேர்ந்து இடி இடித்தது. அறைக்கு ஆனந்தம். இந்த மாதிரி மறைவு இதுவரை கிடைத்ததே இல்லை. எல்லோரும் குரலை உயர்த்தினார்கள். அவள் இன்னும் கூட்டினாள், அவர்களும் கூட்டினார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். முதல் வரிக்கு அப்புறம் வெறும் கோடுதான் இருந்தது, ஒரு சுரமும் இல்லை. அண்ணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நிசப்தத்தில் கலசாந்தா அம்மாள் மட்டும் உச்சக் குரலில் இருந்தாள். "யாருக்குத் தெரியும்? பத்து வருஷமா நாப்பத்தொம்பதுன்னுதான் சொல்லிட்டிருக்கேன்!"

அறையே திரும்பியது. அவள் விசிறியால் முகத்தை மூடிக்கொள்வதற்குள் அண்ணி மறுபடி தடதடவென்று தொடங்கிவிட்டாள். சிரிப்பு, இருமல், பேச்சு எல்லாம் சேர்ந்து மேலே ஏறியது. மறுபடி நிறுத்தம்.

"ராணி எங்கிட்ட இல்லய்யா, சும்மா மிரட்டறேன்!" இது எங்கள் ஓனுஃப்ரி அண்ணன், பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம். எதிரே ஆடினவர்கள் மரியாதையாகச் சீட்டைக் கீழே வைத்தார்கள்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பாதிரியார், தான் தின்பது ஒன்பதாவது பாஞ்ச்கி என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருவருக்கும் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. அடுத்த நிறுத்தம் எங்கே வருமோ, யார் மானம் போகுமோ என்று ஒவ்வொருவரும் பியானோவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்த அமளியில் நான் ஒன்றைக் கவனித்தேன். மூன்று நிறுத்தத்திலும் வாய் மூடியிருந்தது சிபுல்ஸ்கி மட்டும்தான். வாயை மூடிக் காதைத் திறந்து வைப்பதுதானே அவன் பிழைப்பு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணி மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். முன்னால் வந்த ஆர்ப்பாட்டம் எல்லாம் இதற்கு வாசல் பெருக்கத்தான் என்பது எனக்குப் புரிந்தது. ரொம்ப எளிமையான ஒன்று. வலது கை ஏதோ கேட்கும், இடது கை யோசித்துப் பதில் சொல்லும். வீங்கின விரல்கள்தான், ஆனால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மெழுகுவர்த்தித் திரி எரிகிற சத்தம்கூடக் கேட்டது. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்கள். பயத்தில் கேட்டார்களோ, பிடித்துக் கேட்டார்களோ, கேட்டார்கள். நான் சத்தம் வராமல் தாளைப் புரட்டினேன்.

முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்தாள். யாரும் அசையவில்லை. இதுவும் பொறிதான் என்று நினைத்துவிட்டார்கள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ, கடைசியில் சீட்டு மேசையிலிருந்து ஓனுஃப்ரி அண்ணன் பயந்து பயந்து கேட்டார்.

"ஹொனராட்டா, இப்ப பேசலாமா?"

அறை வெடித்துச் சிரித்தது. கைதட்டல் வந்தது. கலசாந்தா அம்மாள் வந்து அண்ணியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துக் காதோரமாக, "அந்த வயசு விஷயம் உன் காதுல விழல, சரியா?" என்றாள்.

"வாசிக்கறப்ப எனக்கு ஒண்ணுமே காதுல விழாது கலசாந்தாம்மா. உங்களுக்குத்தான் தெரியுமே."

அண்ணி சோபாவில் போய் உட்கார்ந்தாள். முகம் குழந்தை முகமாக இருந்தது. அவளுக்குத் தேநீர் கொண்டுபோனேன். அப்போது சிபுல்ஸ்கி அடுப்போரத்தை விட்டு நகர்ந்து எங்கள் பக்கமாக வந்தான். பாஞ்ச்கியை அவன் கடிக்கவே இல்லை. கையில் நசுங்கி, ஜாம் புதுக் கையுறையெல்லாம் வழிந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

அண்ணி அவனுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். "கேளுங்க."

"முன்ன ஒண்ணு வாசிப்பீங்க. சின்னது. பல வருஷம் ஆச்சு. நாலஞ்சு வாரம் வாசிச்சீங்க, அப்புறம் விட்டுட்டீங்க. இன்னிக்கு வரும், இன்னிக்கு வரும்னு ஒவ்வொரு வியாழனும் பாத்துட்டு நிப்பேன்."

"எதைச் சொல்றீங்க?"

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். வெட்கப்பட்டான். பிறகு அந்த நெடிய உடம்பை வளைத்து மெல்ல முனகினான்.

அண்ணியின் கோப்பை சாய்ந்து தேநீர் பட்டுப் பாவாடையில் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. "நடுவுல?" என்றாள். "நடுவுல எப்படிப் போகும்?"

அவன் நடுப்பகுதியையும் முனகினான். "இந்த எடத்துல இடது கை ஒரு படி இறங்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம்."

"இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு?"

"எங்கப்பா கோயில்ல ஆர்கன் வாசிச்சவரும்மா. அதுவுமில்லாம..." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த வீட்டுல எனக்கு வேற என்ன கேட்டுச்சு? யாரு பேசறதும் கேக்கல. உங்க பியானோ விடல. மேல போய் என்ன சொல்றது? இன்னிக்கும் நல்லா வாசிச்சாங்கன்னு சொல்வேன். திட்டுவாங்க."

ஊருக்கெல்லாம் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தை அவனே சொல்லிவிட்டான். அண்ணி எழுந்தாள். விருந்து நடக்கும்போது வீட்டு எஜமானி சோபாவை விட்டு எழுவதென்றால் ஒன்று பெரிய மனிதர் வர வேண்டும், அல்லது திரைச்சீலை தீப்பிடிக்க வேண்டும். அவள் உளவுக்காரனின் சட்டைக் கையைப் பிடித்து, கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய்ப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "பாடுங்க" என்றாள். அவன் முனக முனக அவள் தேடித் தேடி வாசித்தாள். "இல்லம்மா, இன்னும் கொஞ்சம் கீழ" என்பான். அவள் இறங்குவாள். "ஆமா, அதுதான்." ஒரு இடத்தில் இருவரும் ஒன்றாக நிறுத்தி, ஒன்றாக மறுபடி பிடித்தார்கள். அதற்கு மேல் அவன் முனகத் தேவையிருக்கவில்லை. அது தானாக வந்துவிட்டது.

இந்தத் தடவை எந்தப் பொறியும் இல்லை. இருந்தும் ஒருவரும் பேசவில்லை. அதிர்ச்சியில் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. புரட்டுவதற்குத் தாள் இல்லாததால் நான் சும்மா நின்று கேட்டேன். என் கஸ்பெரை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். அழவில்லை. அழுதால் மறுபடி தவறிவிடுமே என்ற பயம்தான்.

முடிந்ததும் அவன் பக்கத்தில் போனேன். "இது யாருக்காக எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. திரும்பி வராத யாருக்கோன்னு நெனச்சுப்பேன்."

"என் வீட்டுக்காரருக்கு. நீங்க சம்பளம் வாங்கற ஆளுங்கதான் கொன்னாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜாம் ஒட்டின கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். ஏதாவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அறையவும் தோன்றியது, உட்காரவைத்துச் சோறு போடவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் சமோவார் பக்கம் போய்விட்டேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணி அதை உடனே எழுதிவைத்தாள். மாக்தாவைக் கூப்பிட்டு, தாளைத் தூரத்திலிருந்தே காட்டி, "இது முடிக்கு இல்ல" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது.

"அத்தனை பேர் வாய மூட எவ்ளோ பாடுபட்டேன் பெனிக்னா! இவன் ஒருத்தன் பத்து வருஷமா மூடிட்டுத்தான் நின்னிருக்கான். அவனப் போய் நான் ஒரு நாளும் கணக்குல எடுக்கல."

மருத்துவர் சொன்னது பலித்தது. அடுத்த குளிருக்கு அவள் விரல்கள் மடங்கவில்லை. இப்போது அவள் முனகுகிறாள், நான் கோணல்மாணலாக எழுதுகிறேன், நான் செய்யும் தப்புகளில் சிலது நன்றாக இருக்கிறது என்று விட்டுவைக்கிறாள். வியாழக்கிழமைகளில் யாராவது வாசிக்கிறார்கள், எல்லோரும் பேசுகிறார்கள். அண்ணியும் இப்போது சேர்ந்துகொள்கிறாள். இருபது வருடமாக எவ்வளவு சேதியைத் தவறவிட்டிருக்கிறேன் பாரு என்று ஆச்சரியப்படுகிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கொழுத்த வியாழனுக்கு அடுத்த வியாழனைப் பற்றி. தவக்காலம், இசை கிடையாது. பேச்சும் பனி, முட்டைக்கோஸ்தான். சிபுல்ஸ்கி வந்து அடுப்போரம் நின்றான். நான் புதுசாக இலை போட்டு இறக்கின தேநீரை, சூடாக, முதல் கோப்பையாக ஊற்றினேன்.

"சர்க்கரை எத்தனை?" என்றேன்.

அவன் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தான். "தெரியலம்மா. இந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல."

"மூணு போடறேன்" என்றேன். "ஆறறதுக்குள்ள குடிங்க."